கூரையிலா களத்திலா

மாசி பிறந்துவிட்டால் அருப்புக்கோட்டையில் யாரைத் தேடினாலும் அவர் ஏணியின் மேல்தான் இருப்பார். பங்குனி பத்தாம் தேதிக்குள் வீட்டைப் பூட்டிவிட்டு மலையேற வேண்டும். அதற்குள் வீட்டுவண்டியைத் தயார் செய்தாக வேண்டும். தெருவுக்குத் தெரு வண்டிக் கூரைகளைத் தேய்த்துக் கழுவும் சத்தமும், நட்டு கழன்று விழும் சத்தமும், அதைத் தேடுகிறவரின் முணுமுணுப்பும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சித்திரை வெயில் ஐம்பத்திரண்டு டிகிரியைத் தொட ஆரம்பித்த பிறகு வந்த பழக்கம் இது. அரசாங்கம் இதற்கு ‘வெயில் பெயர்வு’ என்று பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் ‘மேல போறது’ என்றார்கள். நான்கு மாதம் மேல்மலை முகாமில், வண்டிக்குள்ளேயே குடித்தனம். ஆடிக் காற்று கிளம்பிய பிறகு இறங்கி வந்து வீட்டைத் திறந்தால், உள்ளே வெந்துபோன காகித வாசனை அடிக்கும். இரண்டு நாள் சன்னலைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும்.

சீனிராஜும் அன்று காலை ஏணியில்தான் இருந்தார். கூரையில் பதித்திருந்த நான்கு ஒளிப்பலகைகளில் இரண்டு, போன வருடத்து ஆலங்கட்டி மழையில் வாங்கிய அடியில் விரிசல் விட்டிருந்தன. மூன்றாவதன் ஓரத்தில் தண்ணீர் இறங்கிப் பழுப்பேறியிருந்தது. அவர் இறங்கி வந்து, “போயிருச்சு,” என்றார்.

“நான் ஆடியிலயே சொன்னேன்,” என்றாள் தங்கபுஷ்பம்.

சீனிராஜ் அறுபத்தொரு வயதுக்காரர். முப்பது வருடம் பருத்தி மில் வாசலில் எடைமேடை நடத்தியவர். யார் எதைக் கண்ணால் பார்த்துச் சொன்னாலும் நம்பமாட்டார், முள் சொல்ல வேண்டும். அவர் மனைவி தங்கபுஷ்பம் தாலுகா மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். ஒரு நாளைக்கு நானூறு பேரிடம் பேசிப் பழகிய வாய். இப்போது வீட்டில் ஒரே ஒருவர் இருந்தார், அவரும் முள் பார்க்கிறவர்.

பத்து மணிக்கு இருவரும் பந்தல்குடி சாலையிலிருந்த பலகைக் கடைக்குப் போனார்கள். கடையில் நஸ்ரின் என்ற பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். பொருத்துகிறவளும் அவள்தான், விற்கிறவளும் அவள்தான். அன்று காலை அவளுக்கு அது ஒன்பதாவது குடும்பம்.

“கூரையிலயா, களத்துலயா?” என்றாள் தலை நிமிராமல்.

“கூரை,” என்றார் சீனிராஜ்.

“களம்,” என்றாள் தங்கபுஷ்பம்.

நஸ்ரின் தலை நிமிர்ந்தாள். இருவரையும் பார்த்தாள். பிறகு நாற்காலிகளைக் காட்டி, “உக்காருங்க, டீ சொல்றேன்,” என்றாள்.

அந்தக் கேள்விதான் முதல் கேள்வி. மேல்மலையில் கம்பி மின்சாரம் கிடையாது. அவரவர் பலகை, அவரவர் பேட்டரி. அங்கே மரத்தில் ஒரு கிளையைக்கூட வெட்டக்கூடாது, மரமில்லாத வெட்டவெளியும் கொஞ்சம்தான். ஆகவே முகாமை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். கூரையில் பலகை பதித்த வண்டிகள் வெட்டவெளியில், ‘வெயில் வரிசை’யில் நிற்கும். மடக்குப் பலகை வைத்திருப்பவர்கள் வண்டியை மரத்தடியில், ‘நிழல் வரிசை’யில் விட்டுவிட்டு, பலகைகளைத் தூக்கிக்கொண்டுபோய் நடுவிலிருக்கும் வெயில்களத்தில் விரித்து, அங்கிருந்து வண்டிக்குக் கேபிள் இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை படிவத்தில் முத்திரை விழுந்துவிட்டால் ஐந்து பெயர்வுக்கு மாற்ற முடியாது. பலகை வாங்குகிறோம் என்று பேர்தானே தவிர, ஐந்து கோடைக்கு யார் பக்கத்தில் இருப்பது என்பதைத்தான் ஜனங்கள் அந்தக் கடையில் வாங்கிப் போனார்கள்.

“கூரைன்னா ஒரு தடவ பதிச்சா முடிஞ்சுது,” என்று சீனிராஜ் ஆரம்பித்தார். “களம்னா காலையில விரிக்கணும், மணிக்கொரு தடவ சூரியனப் பாத்துத் திருப்பணும், சாயங்காலம் மடக்கணும். மலையில குரங்கு வேற. போன வருசம் ஒரு குரங்கு பலகைய எடுத்து முகம் பாத்துக்கிட்டு இருந்துச்சு, நானே பாத்தேன். அப்புறம் முப்பதடி கேபிள். பன்னெண்டு வோல்ட்ட முப்பதடி இழுத்தா வழியிலயே எம்புட்டு போயிரும் தெரியுமா?”

“வண்டி வெயில்ல நின்னு கரண்ட் எடுக்கணும்,” என்றாள் தங்கபுஷ்பம் நஸ்ரினைப் பார்த்து. “அந்தக் கரண்ட்ட வச்சு விசிறி போட்டு, வெயில்ல நின்ன சூட்டப் போக்கணும். அப்ப எதுக்குத்தான் நின்னோம்?”

நஸ்ரின் இருவருக்கும் தலையாட்டினாள். இருவர் சொன்னதும் சரி. அதுதான் அந்தத் தொழிலில் உள்ள சங்கடம். அவள் மேசை மேலிருந்த கணிப்பானைத் தட்டினாள். அது அரசாங்கம் கொடுத்த இயந்திரம், மேடைத் தமிழில்தான் பேசும்.

“வணக்கம். தங்கள் வண்டியின் நாளாந்தச் சுமையைக் கூறுக.”

சீனிராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். குளிர்ப்பெட்டி இருபத்துநாலு மணி நேரம், விசிறி இரண்டு பதினெட்டு மணி நேரம், விளக்கு மூன்று, மிக்ஸி பதினோரு நிமிடம். “பன்னெண்டுன்னு வச்சுக்கோங்க,” என்றாள் தங்கபுஷ்பம், “சட்னி அரைக்கிற நேரம்லாம் இவரு நிறுத்தக் கடிகாரத்த வச்சுக்கிட்டு நிக்கிறாரு.”

கணிப்பான் சற்று யோசித்தது. “வெயில் வரிசையில் தங்கள் மின்சாரத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்கு, வெயிலில் நிற்பதால் ஏற்படும் வெப்பத்தைத் தணிக்கவே செலவாகும். நிழல் வரிசையில் நான்கு பலகைகளுக்குப் பதில் இரண்டு போதும்.”

தங்கபுஷ்பம் டீயை ஒரு வாய் குடித்தாள்.

“இதோட முள்ளு சரியா இருக்கா? கடைசியா எப்ப சோதிச்சாங்க?” என்று சீனிராஜ் இயந்திரத்தைத் தூக்கி அடியில் பார்த்தார்.

“எனக்கு முள் கிடையாது,” என்றது அது.

“அதான பாத்தேன்.”

நஸ்ரின் சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவத்தை எடுத்தாள். “சரி, நிழல் வரிசைக்குன்னா இன்னொண்ணு வேணும். பலகைத் துணை. நீங்க மருந்துக்கோ கடைக்கோ போயிருந்தாலும், முடியாமப் படுத்தாலும், உங்க பலகையத் திருப்பி வைக்கிறேன்னு பக்கத்து வண்டிக்காரர் ஒருத்தர் பேரு கொடுக்கணும். அவருக்கு நீங்களும் அப்படியே செய்யணும். பேரு இல்லாம முத்திரை போட முடியாது. யாராவது இருக்காங்களா?”

“ஞானதுரை,” என்றாள் தங்கபுஷ்பம். “என் தம்பி. கையெழுத்தும் வாங்கிட்டேன்.” பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள்.

சீனிராஜ் எழுந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார். கடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

எதிரே இருந்த வேப்பமரத்தடியில், கழற்றிப் போட்ட பழைய பலகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதன் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். தங்கபுஷ்பம் பின்னாலேயே வந்து நின்றாள்.

“நாலு வருசம் ஆச்சுங்க. ஒரு நிழலு விழுந்ததுக்கு நாலு வருசமா?”

நடந்தது இதுதான். நாலு வருடத்துக்கு முன்னால் ஞானதுரையின் வண்டியும் வெயில் வரிசையில் இவர்களுக்கு அடுத்து நின்றது. அவனுடைய பலகைகள் சாய்த்துத் தூக்கக்கூடியவை. ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு, பலகையை மேற்கே பார்த்துத் தூக்கிவிட்டு, படுத்துத் தூங்கிவிட்டான். அதன் நிழல் சீனிராஜின் கூரை ஓரத்தில் ஒரு முழம் விழுந்தது. நான்கு பலகையும் ஒன்றின் பின் ஒன்றாகக் கோத்திருந்ததால், ஒன்றில் நிழல் விழுந்ததும் நான்கும் சோர்ந்துவிட்டன. பேட்டரியும் பழசு. சீனிராஜும் தங்கபுஷ்பமும் கீழ்முகாமில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மாலை திரும்பி வந்தபோது குளிர்ப்பெட்டி நின்றிருந்தது. பூட்டிய வண்டிக்குள் அடுப்பு மாதிரிச் சூடு. தங்கபுஷ்பத்தின் நான்கு மாத இன்சுலினும் உள்ளே இருந்தது. மறுநாள் அதிகாலையில் சீனிராஜ் கீழே போய் வேறு வாங்கி வந்தார்.

“மறுநா சாயங்காலமே கொண்டாந்துட்டீங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. அவனும் எம்புட்டு தடவ மன்னிப்புக் கேக்க வந்தான். நீங்க கதவத் திறக்கல.”

“ஒண்ணும் ஆகல,” என்றார் சீனிராஜ். பலகையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். “கீழ எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. சித்திர மாசம். ஊரே பூட்டிக் கெடக்கு. ரோட்டுல ஒரு காக்கா இல்ல. மருந்துக் கிட்டங்கியில ஒருத்தர்தான் காவலு. அவரு, இங்க இல்ல, மதுரைக்குப் போங்கன்னாரு. போற வழியில டயர் வெடிச்சுருச்சு. ஜாக்கியத் தொட முடியல, கை ஒட்டிக்கிட்டு வருது. அப்ப நான் என்ன கணக்குப் போட்டேன் தெரியுமா? கடைசியாப் போட்ட ஊசி உனக்கு எத்தன மணி நேரம் தாங்கும், நான் எத்தன மணி நேரத்துல வரணும். ரெண்டும் சரியா வரல. திருப்பித் திருப்பிப் போட்டேன். வரல.”

தங்கபுஷ்பம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் டயர் வெடித்த கதையை அவர் சொன்னதில்லை. வந்ததும் குளித்துவிட்டு, ‘ரோடு நல்லாருக்கு’ என்று மட்டும் சொன்னார். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்ததற்கு, சீயக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

“கூரையில இருந்தா யாரையும் நம்ப வேண்டாம்ல,” என்றார் அவர். “எல்லாம் நம்ம தலைக்கு மேலயே இருக்கும். மூணு வருசமா நமக்கு அடுத்து ஒரு வண்டிய நிறுத்த விட்டேனா?”

“விடல,” என்றாள் அவள். “அதுனாலதான் சொல்றேன். வெயில் வரிசையில எல்லாரும் கதவச் சாத்திக்கிட்டு விசிறிக்கு அடியில கெடக்காங்க. நாலு மாசம் உங்க முகத்தையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன். நல்ல முகந்தான். அதுக்காக, நாலு மாசமா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க மேலே மரத்தைப் பார்த்தார்.

கடைக்குள் அவர்கள் திரும்பியபோது நஸ்ரின் அந்தக் கையெழுத்துக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் அக்கா, இவரு சாத்தூர்க்காரர்தான? நிழல் அண்ணாச்சி?”

“யாரு?” என்றார் சீனிராஜ்.

“நிழல் வரிசையில எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. போன வருசம் பழுது பாக்க நான் மேல போயிருந்தேன்ல, பாத்தேன். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் படுப்பாங்க. இவரு மட்டும் படுக்கமாட்டாரு. தலையில துண்டப் போட்டுக்கிட்டு வெயில்களம் பூரா நடப்பாரு. ஒவ்வொரு பலகையா நின்னு பாத்து, எங்கயாவது நிழல் விழுந்தா நகத்தி வைப்பாரு. யாரு பலகைன்னு எல்லாம் பாக்கறதில்ல. ஒரு இலை விழுந்து கெடந்தாக்கூட எடுத்துப் போடுவாரு. ஏன் அண்ணாச்சி இப்படி அலையுறீங்கன்னு கேட்டேன். எனக்கு மதியத் தூக்கம் ஆகாதும்மா, ஒரு தடவ தூங்கி ஒரு தப்பு பண்ணிட்டேன்னாரு. என்ன தப்புன்னு சொல்லல.”

சீனிராஜ் மனைவி பக்கம் திரும்பினார்.

“உனக்கு இது தெரியுமா?”

“தெரியும்.”

“என்ட்ட ஏன் சொல்லல?”

“அவன் பேரச் சொன்னாலே எந்திரிச்சுப் போயிருறீங்க. இப்பக்கூடப் போனீங்க. எப்பச் சொல்ல?”

சீனிராஜ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். படிவத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பின்பக்கம் திருப்பினார், அங்கே ஒன்றுமில்லை, அதையும் பார்த்தார். கடைசியில் நஸ்ரினிடம், “கேபிள் என்ன கனம் போடுவ?” என்று கேட்டார்.

“பத்து மில்லி, அண்ணாச்சி.”

“பத்து காணாது. பதினாறு போடு. பலகை ரெண்டையும் ஒண்ணுபின்ன ஒண்ணாக் கோக்கக்கூடாது. கரண்ட்ட சீராக்குற ஒழுங்கிப் பெட்டி தனித்தனியா வச்சு, பக்கவாட்டுல இணைக்கணும். ஒண்ணுல நிழல் விழுந்தா இன்னொண்ணு ஓடணும். காலுக்கு இரும்புல நாலடித் தாங்கி. குரங்கு ஏறாத மாதிரி வழுவழுன்னு இருக்கணும்.”

“அப்ப களந்தானா?”

“கேபிளப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்கேன்,” என்றார் சீனிராஜ்.

நஸ்ரின் தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். தங்கபுஷ்பம் கண்ணாலேயே ‘போடு’ என்றாள். முத்திரை விழுந்தது. “தங்கள் தேர்வு அறிவார்ந்தது,” என்றது கணிப்பான். “உன்ட்ட யாரு கேட்டா?” என்றார் சீனிராஜ்.

பங்குனி ஒன்பதாம் தேதி மலையேறினார்கள். நிழல் வரிசையில் அவர்களுக்குக் கிடைத்த இடம் ஒரு பெரிய நாவல் மரத்தடி. பக்கத்து வண்டி ஞானதுரையுடையது. ஐம்பத்துமூன்று வயதில் அவன் நன்றாக நரைத்துப் போயிருந்தான். வண்டி நின்றதும் சக்கரத்துக்குக் கல் வைத்தது அவன்தான். சீனிராஜ் அந்தக் கல்லைக் காலால் தட்டிப் பார்த்தார், ஆடவில்லை, உள்ளே போய்விட்டார்.

வெயில்களம் காலை ஏழு மணிக்கு மிளகாய் வற்றல் காயப்போடும் களம் போலிருந்தது. வரிசை வரிசையாகப் பலகைகள், அவற்றுக்கு நடுவே குனிந்தும் நிமிர்ந்தும் ஆட்கள். ‘உங்க தொப்பி நிழலு என் பலகையில’ என்று ஒருவர் சொல்வார். மற்றவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேறொரு கதையை ஆரம்பிப்பார். தங்கபுஷ்பம் ஒரு பலகையைத் துடைக்கப் போனால் ஒன்பது மணிக்குத்தான் திரும்புவாள். இரண்டாம் வாரத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மைத்துனர்கள் இருவரும் பலகைத் துணையின் கடமையைத் தவறாமல் செய்தார்கள். பேச்சுதான் வளரவில்லை.

“முப்பது டிகிரி,” என்பார் சீனிராஜ், பலகையைச் சாய்த்தபடி.

“சரி அத்தான்,” என்பான் ஞானதுரை.

மறுநாள், “முப்பத்திரண்டு.”

“சரி அத்தான்.”

இப்படியே சித்திரை முழுவதும் போயிற்று.

வைகாசி இரண்டாம் வாரம் மேகம் இறங்கியது. மழை பெய்யவுமில்லை, விலகவுமில்லை. அழுக்குப் பஞ்சை அடைத்து வைத்தது போல நான்கு நாள் மலை மேல் அப்படியே நின்றது. காற்று அசையாமல் புழுங்கியது. பலகைகள் விரித்தபடி கிடந்தும் பேட்டரிகள் இறங்கிக்கொண்டே வந்தன. வெயில் வரிசையில் ஒவ்வொரு வண்டியாகக் குளிர்ப்பெட்டி நின்றது. ஆனால் எந்தக் கதவும் திறக்கவில்லை. அவரவர் பேட்டரியின் எண்ணை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிழல் வரிசையில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. மூன்றாம் நாள் காலை எல்லாரும் நாவல் மரத்தடியில் கூடினார்கள். ஒரே ஒரு குளிர்ப்பெட்டியை மட்டும் ஓட விடுவது, முப்பது வண்டியின் மருந்தையும் அதில் வைப்பது, எல்லாருடைய பேட்டரியையும் முறை போட்டுக் கொண்டுவந்து அதற்கே கொடுப்பது. எந்தப் பெட்டி நன்றாகக் குளிர் காக்கும் என்று பேச்சு வந்தபோது யாரும் யோசிக்கவில்லை. “நிழல் அண்ணாச்சி பெட்டிதான்,” என்றார்கள்.

சீனிராஜ் வண்டிக்குள் வந்து தன் பேட்டரியின் முள்ளைப் பார்த்தார். நூற்றுக்கு நாற்பத்தொன்று. தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். விசிறி, விளக்கு, மிக்ஸி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால், குளிர்ப்பெட்டி மட்டும் மறுநாள் வியாழன் மதியம் வரை தாங்கும். அவருடைய மருந்து, அவருடைய பெட்டி, அவருடைய முள். வியாழனுக்குள் மேகம் விலகிவிட்டால் யாரையும் நம்ப வேண்டியதில்லை. விலகாவிட்டால் என்ன என்ற வரி மட்டும் தாளில் நிரம்பவில்லை. தங்கபுஷ்பம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறிது நேரம் கழித்து அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். இன்சுலின் பெட்டியை எடுத்து ஈரத் துணியில் சுற்றினார். மற்றக் கையில் பேட்டரியைத் தூக்கிக்கொண்டார். அது இருபத்திரண்டு கிலோ.

ஞானதுரை கதவைத் திறந்து வைத்திருந்தான். குளிர்ப்பெட்டியின் மேல்தட்டைத் துடைத்து, அதில் வேறு எதையும் வைக்காமல் காலியாக விட்டிருந்தான். மற்றவர்களின் மருந்தெல்லாம் கீழ்த்தட்டில் நெருக்கிக்கொண்டு இருந்தன. சீனிராஜ் அதைப் பார்த்தார். இன்சுலின் பெட்டியை நீட்டினார். ஞானதுரை இரண்டு கையாலும் வாங்கினான்.

“அத்தான், அன்னிக்கு நான்...”

“எத்தன டிகிரியில வச்சிருக்க?”

“நாலு.”

“நாலு சரி,” என்றார் சீனிராஜ். “அஞ்சுக்கு மேல போகவிடாத.”

“போகாது அத்தான்.”

அந்த இரண்டு நாளும் சீனிராஜ் பேட்டரி மாற்றும் முறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். எந்த வண்டிப் பேட்டரி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதி மரத்தில் ஒட்டினார். வெயில் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் பனிப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார். “எங்களுத வைக்க எடமிருக்குமா?” என்றார். முகாம் விதிப்புத்தகத்தில் அதற்கு இடமில்லை. “பேட்டரி கொண்டாந்தீங்களா?” என்று கேட்ட சீனிராஜ், அவர் இல்லை என்று சொல்வதற்குள், “சரி, மருந்தக் குடுங்க, அத அப்புறம் பாக்கலாம்,” என்று வாங்கி உள்ளே கொடுத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர் வந்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை மேகம் கலைந்து வெயில் அடித்தது. ஜனங்கள் களத்துக்கு ஓடினார்கள். பத்து மணிக்குள் எல்லாக் குளிர்ப்பெட்டியும் ஓட ஆரம்பித்தது, அவரவர் மருந்தை அவரவர் எடுத்துப் போனார்கள். தங்கபுஷ்பமும் கிளம்பினாள்.

“எங்க போற?” என்றார் சீனிராஜ்.

“மருந்த எடுத்தாரேன்.”

“எதுக்கு? அங்கயே இருக்கட்டும்.”

“நம்ம பெட்டிதான் ஓடுதே.”

“அதுல மாவு வையி,” என்றார் அவர்.

மறுநாள் காலை ஆறரைக்கு, அன்றைய ஊசி மருந்தை எடுத்து வருவதற்காகச் சீனிராஜ் ஞானதுரை வண்டிக்குப் போனார். முப்பதடி தூரம். அவர் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தங்கபுஷ்பம் இட்லியை அவித்து மூடி வைத்துவிட்டு, ஊசிக்காகக் காத்து, பசியோடு படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் கண் கொஞ்சம் சிவந்திருந்தது. மீசையில் காபி ஒட்டியிருந்தது.

“இம்புட்டு நேரம் என்ன பேசுனீங்க?” என்று கேட்டாள்.

“என்னத்தப் பேச,” என்றார் சீனிராஜ். “கேபிளப் பத்தித்தான்.”